ஆபீஸுக்கும் கேமிங்குக்கும் ஒரே மவுஸ் போதுமா? நேரு பிளேஸ் கிளம்பும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

லேப்டாப் வாங்கும்போது ரேம் எவ்வளவு, பிராசசர் எது என்று ஒரு வாரம் ஆராய்ச்சி செய்கிறோம். மவுஸ் என்று வந்தால் மட்டும், "ஏதாவது ஒண்ணு குடுங்க" என்று வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறோம். இல்லையென்றால் அதற்கு நேரெதிராக, டப்பாவில் போட்டிருக்கும் பெரிய நம்பரையும் கலர் லைட்டையும் பார்த்துப் பத்தாயிரம் ரூபாய் கொடுத்துவிடுகிறோம்.

ஒரு சின்னக் கணக்கு. பகலில் ஆபீஸ் வேலை 8 மணி நேரம். இரவில் வேலோரன்டோ கவுன்டர் ஸ்ட்ரைக்கோ 2 மணி நேரம். வாரத்துக்கு 5 நாள் என்று வைத்தாலே ஆண்டுக்கு 2,600 மணி நேரம் ஆகிறது. அவ்வளவு நேரமும் உங்கள் கை மவுஸ் மேலோ, அதற்குப் பக்கத்திலோதான் இருக்கிறது. நாற்காலிக்கு அடுத்தபடியாக உங்கள் உடம்பு அதிகம் தொட்டுக்கொண்டிருக்கும் ஆபீஸ் பொருள் அதுதான்.

டெல்லியில் வேலை பார்ப்பவர்களுக்கு மவுஸ் என்றால் முதலில் நினைவுக்கு வருவது நேரு பிளேஸ். அங்கே நல்ல பொருளும் கிடைக்கும், டூப்ளிகேட்டும் கிடைக்கும். எந்த நம்பருக்குக் காசு கொடுக்கலாம், எதற்குக் கொடுக்க வேண்டாம், பில் இல்லாமல் வாங்கினால் என்ன நஷ்டம் என்பதை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

மவுஸுக்குள் என்ன நடக்கிறது?

டக்ளஸ் எங்கல்பார்ட் 1968 டிசம்பர் 9 அன்று சான் ஃபிரான்சிஸ்கோவில் மவுஸை முதன்முதலாகப் பொதுமேடையில் இயக்கிக் காட்டினார். அவருடைய குழு 1960களில் செய்த முதல் மாதிரி ஒரு மரப்பெட்டி, அதற்கு அடியில் இரண்டு சக்கரங்கள், அவ்வளவுதான். பின்னால் ரப்பர் பந்து வந்தது. இன்று பந்தும் இல்லை, சக்கரமும் இல்லை.

இப்போதைய மவுஸின் அடியில் ஒரு குட்டி கேமரா இருக்கிறது. எல்இடி வெளிச்சத்தில் மேஜையின் பரப்பை விநாடிக்கு ஆயிரக்கணக்கான முறை படம் பிடித்து, முந்தைய படத்தையும் அடுத்த படத்தையும் ஒப்பிட்டு, "கை இவ்வளவு தூரம், இந்தத் திசையில் நகர்ந்தது" என்று கணக்கிடுகிறது. இந்தக் கேமராவைத்தான் சென்சார் என்கிறோம். தைவானின் பிக்ஸ்ஆர்ட் நிறுவனம் பல பிராண்டுகளுக்கு இதைச் செய்து கொடுக்கிறது. லாஜிடெக் தன் கேமிங் மவுஸ்களில் 'ஹீரோ' என்ற சொந்தப் பெயரில் சென்சார் வைத்திருக்கிறது.

கண்ணாடி மேஜையில் சாதாரண மவுஸ் திணறுவதும் இதனால்தான். வழுவழுப்பான கண்ணாடியில் கேமராவுக்கு ஒப்பிட்டுப் பார்க்க எந்த அடையாளமும் கிடைப்பதில்லை. ஒரு சாதாரண துணி மவுஸ்பேட் போட்டாலே பாதிப் பிரச்சினை போய்விடும்.

டிபிஐ அதிகமென்றால் நல்ல மவுஸா?

இல்லை. கடையில் அதிகம் ஏமாறுவது இந்த நம்பரில்தான்.

மவுஸை ஒரு அங்குலம் நகர்த்தினால் அது கம்ப்யூட்டருக்கு எத்தனை புள்ளிகள் அனுப்புகிறது என்பதுதான் டிபிஐ. 800 டிபிஐ என்றால் ஒரு அங்குலத்துக்கு 800 புள்ளி. உங்கள் ஸ்க்ரீன் அகலம் 1,920 பிக்சல் என்று வைத்துக்கொள்வோம். விண்டோஸில் பாயின்டர் வேகம் நடு அளவில் இருந்தால், ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குப் போக கை நகர வேண்டிய தூரம் இதுதான்:

800 டிபிஐ: 2.4 அங்குலம், அதாவது சுமார் 6 செ.மீ.
1,600 டிபிஐ: 1.2 அங்குலம், சுமார் 3 செ.மீ.
16,000 டிபிஐ: 0.12 அங்குலம், சுமார் 3 மி.மீ.

மூன்று மில்லிமீட்டர் அசைவில் ஸ்க்ரீன் முழுக்கக் கடந்துவிடும் மவுஸை வைத்துக்கொண்டு எக்செல்லில் ஒரு செல்லைக்கூட ஒழுங்காகப் பிடிக்க முடியாது.

விளையாட்டிலும் இதே கதைதான். வேலோரன்டில் 800 டிபிஐ, சென்சிடிவிட்டி 0.4 என்று வைத்தால், உங்கள் கேரக்டர் ஒரு முழுச் சுற்று சுற்ற கை சுமார் 41 செ.மீ. நகர வேண்டும். குறி பார்த்துச் சுடும் ஆட்டத்தில் இந்த நிதானம்தான் வேண்டும். சென்சிடிவிட்டியை மாற்றாமல் டிபிஐயை 16,000 ஆக்கினால் அதே சுற்றுக்கு 2 செ.மீ. போதும். தும்மினாலே திரும்பிவிடும். தொழில்முறை ஆட்டக்காரர்கள் பெரும்பாலும் 400, 800, 1,600 என்ற அளவுகளிலேயே நிற்பதற்குக் காரணம் இதுதான்.

இன்னொரு விஷயம். விலை குறைந்த சில மவுஸ்களில் டப்பாவில் போட்டிருக்கும் பெரிய டிபிஐ, சென்சார் உண்மையில் பார்த்து எடுத்தது இல்லை. சென்சார் தரும் குறைந்த எண்ணிக்கையை மென்பொருள் பெருக்கிக் காட்டுகிறது. போனில் டிஜிட்டல் ஜூம் மாதிரி: படம் பெரிதாகத் தெரியும், ஆனால் புது விவரம் எதுவும் சேராது. ஆகவே "எத்தனை டிபிஐ?" என்று கேட்பதைவிட "எந்த சென்சார்?" என்று கேளுங்கள். சென்சார் பெயரை டப்பாவிலோ பிராண்டின் தளத்திலோ வெளிப்படையாகப் போட்டிருந்தால் நல்ல அறிகுறி.

போலிங் ரேட் 8,000 தேவையா?

மவுஸ் தன் நிலையை விநாடிக்கு எத்தனை முறை கம்ப்யூட்டரிடம் சொல்கிறது என்பது போலிங் ரேட். சாதாரண ஆபீஸ் மவுஸ் விநாடிக்கு 125 முறை, அதாவது 8 மில்லிவிநாடிக்கு ஒருமுறை சொல்லும். கேமிங் மவுஸ் 1,000 முறை, அதாவது 1 மில்லிவிநாடிக்கு ஒருமுறை. விலை உயர்ந்த சில மாடல்கள் 8,000 வரை போகின்றன. அது 0.125 மில்லிவிநாடி.

இதை உங்கள் ஸ்க்ரீனோடு ஒப்பிடுங்கள். 60 ஹெர்ட்ஸ் மானிட்டர் 16.7 மில்லிவிநாடிக்கு ஒருமுறைதான் புதுப் படம் காட்டும். 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் 6.9 மில்லிவிநாடிக்கு ஒருமுறை. 125லிருந்து 1,000க்குப் போனால் மவுஸ் பக்கத் தாமதம் சராசரியாக 3.5 மில்லிவிநாடி குறைகிறது. வேகமான மானிட்டரில் இது கைக்குத் தெரியும். 1,000லிருந்து 8,000க்குப் போனால் கிடைப்பது அரை மில்லிவிநாடிக்கும் குறைவு. அதற்கு விலையாக பேட்டரி சீக்கிரம் தீரும், பிராசசருக்கும் கூடுதல் வேலை.

60 ஹெர்ட்ஸ் லேப்டாப் ஸ்க்ரீனை வைத்துக்கொண்டு 8,000 போலிங் ரேட் மவுஸ் வாங்குவது, மதிய நேரத்து ரிங் ரோடு டிராஃபிக்கில் ஓட்ட ரேஸ் பைக் வாங்குவது மாதிரி. 1,000 போதும். காசு மிச்சமிருந்தால் மானிட்டரில் போடுங்கள்.

வயரா, வயர்லெஸ்ஸா?

பத்து வருடத்துக்கு முன்னால் "கேமிங்னா வயர்தான்" என்று சொன்னதில் அர்த்தம் இருந்தது. இன்று நல்ல 2.4 கிகாஹெர்ட்ஸ் டாங்கிளோடு வரும் கேமிங் மவுஸ் வயருக்குச் சமமாகவே ஓடுகிறது. ஆனால் 'வயர்லெஸ்' என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு வேறு விஷயங்கள் இருப்பதைக் கவனியுங்கள்.

முதலாவது, டாங்கிள். இதற்கு ஒரு யுஎஸ்பி போர்ட் தேவை. கேமிங்குக்கு இதுதான் சரி.

இரண்டாவது, ப்ளூடூத். போர்ட் தேவையில்லை, ஒரே மவுஸை லேப்டாப்புக்கும் டேப்லெட்டுக்கும் மாற்றிக்கொள்ளலாம். ஆபீஸுக்கு வசதி. ஆனால் போலிங் ரேட் பொதுவாக 125 அருகிலேயே இருக்கும். வேகமான ஆட்டத்துக்கு ஆகாது.

ஒரே மவுஸில் இரண்டும் வேண்டுமென்றால் டாங்கிள், ப்ளூடூத் இரண்டும் உள்ள மாடலைத் தேடுங்கள். பகலில் ஆபீஸ் லேப்டாப்போடு ப்ளூடூத், இரவில் சொந்தக் கம்ப்யூட்டரோடு டாங்கிள் என்று மாற்றிக்கொள்ளலாம்.

டாங்கிள் வைத்தும் பாயின்டர் விட்டுவிட்டு ஓடுகிறதா? மவுஸைத் தூக்கிப்போடும் முன் டாங்கிள் எந்த போர்ட்டில் இருக்கிறது என்று பாருங்கள். யுஎஸ்பி 3.0 போர்ட்டும் அதில் செருகிய ஹார்ட் டிஸ்க்கும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இரைச்சல் உண்டாக்கும் என்பதை இன்டெல் நிறுவனமே 2012இல் ஆவணப்படுத்தியிருக்கிறது. டாங்கிளை வேறு போர்ட்டுக்கு மாற்றினாலோ, ஒரு சின்ன எக்ஸ்டென்ஷன் கேபிளில் மவுஸுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தாலோ பெரும்பாலும் சரியாகிவிடும்.

ஆபீஸ் விஷயத்தில் இன்னும் இரண்டு எச்சரிக்கை. 2016இல் 'மவுஸ்ஜாக்' என்ற பாதுகாப்பு ஓட்டையை பாஸ்டில் என்ற நிறுவனம் வெளிப்படுத்தியது. பல பெரிய பிராண்டுகளின் டாங்கிள்களுக்கு அருகிலிருந்தே பொய்யான கீபோர்ட் கட்டளைகளை அனுப்ப முடிந்தது. அதற்குப் பிறகு திருத்தங்கள் வந்துவிட்டன. ஆனாலும் கம்பெனி லேப்டாப்பில் பெயர் தெரியாத பழைய டாங்கிளைச் செருக வேண்டாம். இரண்டாவது, பல நிறுவனங்கள் ஆபீஸ் லேப்டாப்பில் மவுஸ் மென்பொருளை இன்ஸ்டால் செய்ய விடுவதில்லை. செட்டிங்கை மவுஸுக்குள்ளேயே சேமித்துக்கொள்ளும் ஆன்போர்டு மெமரி இருக்கும் மாடல் என்றால், வீட்டில் ஒருமுறை செட் செய்துவிட்டு ஆபீஸில் அப்படியே பயன்படுத்தலாம்.

உங்கள் கைக்கு எது பொருந்தும்?

சென்சார், டிபிஐ எல்லாவற்றையும்விட முக்கியமானது இதுதான். செருப்பு மாதிரி: என்ன பிராண்டாக இருந்தாலும் அளவு தப்பினால் வலிதான்.

ஒரு ஸ்கேலை எடுத்து, மணிக்கட்டு மடியும் கோட்டிலிருந்து நடுவிரல் நுனி வரை அளந்து பாருங்கள். 17 செ.மீ.க்குக் குறைவென்றால் சின்னக் கை, 17 முதல் 20 வரை நடுத்தரம், 20க்கு மேல் பெரிய கை. பிறகு நீங்கள் எப்படிப் பிடிக்கிறீர்கள் என்று கவனியுங்கள்.

பாம் கிரிப்: உள்ளங்கை முழுவதும் மவுஸ் மேல் படுத்திருக்கும். நாள் முழுக்க வேலை செய்பவர்களுக்கு வசதி. முதுகு உயர்ந்த, கொஞ்சம் பெரிய மவுஸ் வேண்டும். 2006 முதல் வந்துகொண்டிருக்கும் ரேசர் டெத்ஆடர் வரிசை இந்த வகை.

கிளா கிரிப்: உள்ளங்கையின் அடிப்பகுதி மட்டும் மவுஸைத் தொடும், விரல்கள் வளைந்து நிற்கும். சற்றுக் குட்டையான, இரு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும் மவுஸ் பொருந்தும். லாஜிடெக் ஜி102, ஜி304 இந்த வடிவம்.

ஃபிங்கர்டிப் கிரிப்: விரல்நுனிகள் மட்டும் தொடும். சின்ன, எடை குறைந்த மவுஸ்தான் சரி.

எடை என்று பார்த்தால், ஜி102 சுமார் 85 கிராம். டபுள் ஏ பேட்டரி போட்ட ஜி304 சுமார் 99 கிராம். 63 கிராமுக்குக் கீழே இருக்கும் லாஜிடெக் ஜி ப்ரோ எக்ஸ் சூப்பர்லைட், 58 கிராம் ரேசர் வைப்பர் வி2 ப்ரோ போன்றவை விலையில் பல மடங்கு. சுடும் ஆட்டத்தில் எடை குறைந்தால் கை சீக்கிரம் சோர்வடையாது. ஆபீஸ் வேலைக்கு இந்த வித்தியாசம் அவ்வளவு பெரிதில்லை. ஜி304 கனமாக இருக்கிறது என்றால், ஒரு ஏஏஏ பேட்டரியை அடாப்டரில் போட்டு 10 கிராம் போலக் குறைத்துவிடலாம். செலவு ரொம்பக் கம்மி.

இடது கைக்காரர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வடிவம் இருபக்கமும் ஒன்றாக இருந்தாலும், ஜி102, ஜி304 போன்றவற்றில் பக்கவாட்டுப் பட்டன்கள் வலது கைக் கட்டைவிரலுக்காக ஒரு பக்கத்தில் மட்டும்தான் இருக்கும். வாங்கும் முன் கையில் வைத்துப் பாருங்கள்.

கை வலித்தால்?

கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்துப்போவது, ராத்திரியில் அது அதிகமாகி கையை உதறினால் கொஞ்சம் சரியாவது ஆகியவை கார்பல் டனல் பிரச்சினையின் வழக்கமான அறிகுறிகள். மணிக்கட்டு வழியாகப் போகும் நரம்பு அழுத்தப்படுவதால் இது வருகிறது. இப்படி இருந்தால் புது மவுஸ் ஆர்டர் பண்ணுவதற்கு முன் டாக்டரைப் பாருங்கள்.

நின்ற நிலையில் இருக்கும் 'வெர்டிகல்' மவுஸ், கைகுலுக்கும் வாக்கில் கையை வைக்கச் செய்து முன்கை முறுக்கிக்கொள்வதைக் குறைக்கிறது. லாஜிடெக் லிஃப்ட் மாடலில் இடது கைக்கும் தனியாக ஒன்று இருக்கிறது. இவை வசதியைக் கூட்டும், ஆனால் மருந்து ஆகாது. வேகமான ஆட்டத்துக்கும் ஏற்றதில்லை.

செலவே இல்லாத வழிகள் முதலில்: மேஜை உயரம் முழங்கைக்குச் சமமாக இருக்கட்டும், மவுஸ் கீபோர்டை ஒட்டி இருக்கட்டும், மணிக்கட்டை மேஜை விளிம்பில் அழுத்தி ஊன்ற வேண்டாம். முக்கியமாக, ஆபீஸ் முடிந்து உடனே ஆட்டத்தில் உட்காராமல் நடுவில் ஒரு இடைவெளி விடுங்கள்.

இரண்டு வருடத்தில் 'டபுள் கிளிக்' ஆவது ஏன்?

ஒருமுறை அழுத்தினால் இரண்டு முறை கிளிக் ஆவது மவுஸின் மிகப் பிரபலமான நோய். பட்டனுக்குக் கீழே இருக்கும் குட்டி ஸ்விட்சில் உலோகத் தகடுகள் தொட்டுத் தொட்டுத் தேய்கின்றன, அழுக்கும் படிகிறது. தொடர்பு ஒரு கணம் விட்டுச் சேர்வதை மவுஸ் இரண்டு கிளிக் என்று எண்ணிக்கொள்கிறது.

டப்பாவில் "2 கோடி கிளிக்" என்று போட்டிருக்கும். நாளைக்கு 5,000 கிளிக் என்றால் 4,000 நாள், கிட்டத்தட்ட 11 வருடம் வரவேண்டும். அந்த எண் சோதனைக் கூடத்துக் கணக்கு. டெல்லி தூசியும் ஜூன் மாத வியர்வையும் அதில் சேராது. அதனால் கிளிக் எண்ணிக்கையைவிட வாரண்டி எத்தனை வருடம் என்பதையே நம்புங்கள். ஒரே பிராண்டில்கூட மாடலுக்கு மாடல் 1, 2, 3 வருடம் என்று மாறும். ஒளியை மறைத்து வேலை செய்யும் ஆப்டிகல் ஸ்விட்சில் உலோகம் தொடுவதே இல்லை என்பதால் இந்த நோய் அதற்கு வருவதில்லை.

எவ்வளவு செலவு செய்யலாம்?

விலை வாராவாரம் ஏறி இறங்கும். ஆனால் அடுக்குகள் சுமாராக இப்படித்தான் இருக்கின்றன.

300 முதல் 700 ரூபாய்: டெல் எம்எஸ்116, லாஜிடெக் பி170 போன்ற ஆபீஸ் மவுஸ்கள். மெயில், எக்செல், பிரவுசர், சதுரங்கம் வரை தாராளமாகப் போதும்.

700 முதல் 2,000 ரூபாய்: ஜி102, டெத்ஆடர் எசென்ஷியல், அதோடு சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஜெப்ரானிக்ஸ் முதல் ரெட்கியர், ஆன்ட் ஈஸ்போர்ட்ஸ் வரை பல பிராண்டுகள். பகல் வேலைக்கும் இரவு ஆட்டத்துக்கும் வயரோடு ஒரே மவுஸ் போதும் என்பவர்களுக்கு இந்த அடுக்கிலேயே தேவை முடிந்துவிடும்.

2,500 முதல் 4,000 ரூபாய்: ஜி304 மாதிரியான வயர்லெஸ் கேமிங் மவுஸ்கள். ஒரு பேட்டரியில் 250 மணி நேரம் ஓடும் என்கிறது லாஜிடெக். நம் 10 மணி நேரக் கணக்கில் ஐந்து வாரம்.

8,000க்கு மேல்: எடை குறைந்த போட்டி மவுஸ்கள். டோர்னமென்ட் ஆடுபவர் என்றால் சரி. வாரக் கடைசியில் நண்பர்களோடு ஆடுபவர் என்றால் தேவையில்லை.

1,500 ரூபாய் மவுஸ் 3 வருடம் ஓடினால் நாளுக்கு 1 ரூபாய் 37 காசு. 300 ரூபாய் மவுஸ் ஆறு மாதத்துக்கு ஒருமுறை போய்விடுகிறது என்று வைத்துக்கொண்டால், அதே 3 வருடத்துக்கு 1,800 ரூபாய்.

நேரு பிளேஸில் எப்படி வாங்குவது?

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட், பெங்களூரு எஸ்.பி. ரோடு, மும்பை லாமிங்டன் ரோடு மாதிரி டெல்லிக்கு நேரு பிளேஸ். மெட்ரோவில் வயலட் லைன். ஆர்.கே. புரம், முனிர்கா பக்கம் இருப்பவர்கள் மெஜந்தா லைனில் கால்காஜி மந்திர் வந்து, வயலட் லைனுக்கு மாறினால் அடுத்த ஸ்டேஷனே நேரு பிளேஸ். ஞாயிற்றுக்கிழமை வார விடுமுறை, சனிக்கிழமை போங்கள்.

போலிப் பொருள், கள்ள மென்பொருள் விற்பனைக்காக அமெரிக்க வர்த்தகப் பிரதிநிதி அலுவலகம் வெளியிடும் 'நொட்டோரியஸ் மார்க்கெட்ஸ்' பட்டியலில் நேரு பிளேஸ் முன்பு பல முறை இடம்பெற்ற சந்தை. அதற்காக எல்லாக் கடையும் அப்படி என்று அர்த்தமில்லை. பிராண்டுகளின் அங்கீகாரம் பெற்ற கடைகளும் அங்கேயே இருக்கின்றன. மெட்ரோவில் இறங்கியதும் "பாய் சாப், க்யா சாஹியே?" என்று கூடவே நடந்து வருபவர் காட்டும் கடைக்குப் போகாமல், முதலிலேயே இரண்டு மூன்று கடையைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு போனால் பாதி வேலை முடிந்தது.

அங்கே அவசியம் தெரிய வேண்டிய இரண்டு சொற்கள்: 'கச்சா பில்', 'பக்கா பில்'. கச்சா பில் என்பது துண்டுச் சீட்டில் கையால் எழுதித் தருவது. பக்கா பில் என்பது ஜிஎஸ்டி எண்ணோடு வருவது. "பில் வேண்டாம்னா 18 சதவீதம் குறைச்சுக்கலாம்" என்பார்கள். 1,500 ரூபாய்ப் பொருளுக்கு வரி 270 ரூபாய். அந்த 270 ரூபாயை மிச்சம் பிடித்தால், 2 வருட வாரண்டி உள்ள மவுஸ் 14ஆவது மாதம் டபுள் கிளிக் ஆகும்போது சர்வீஸ் சென்டரில் காட்ட உங்களிடம் எதுவும் இருக்காது. 270 ரூபாய்க்காக முழு மவுஸையும் பந்தயம் கட்டுகிறீர்கள்.

சட்டம் உங்கள் பக்கம்தான் இருக்கிறது. ஜிஎஸ்டி பதிவு உள்ள கடைக்காரர் 200 ரூபாய்க்கு மேற்பட்ட விற்பனைக்கு பில் கொடுத்தே ஆக வேண்டும். எம்ஆர்பி என்பது எல்லா வரிகளையும் சேர்த்த விலை. பில் போட்டால் எம்ஆர்பிக்கு மேல் ஜிஎஸ்டி தனி என்று யாராவது சொன்னால் அது சட்டவிரோதம்.

பில்லில் இருக்கும் ஜிஎஸ்டி எண் 15 இலக்கம். முதல் இரண்டு இலக்கம் மாநிலம்: டெல்லி 07, ஹரியானா 06, உத்தரப் பிரதேசம் 09, தமிழ்நாடு 33. ஜிஎஸ்டி தளத்தில் அந்த எண்ணைப் போட்டால் கடையின் பெயரும் பதிவு நடப்பில் இருக்கிறதா என்பதும் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். எண்ணும் கடைப் பெயரும் ஒத்துப்போகிறதா என்று காசு கொடுக்கும் முன் பாருங்கள்.

இந்தி தடுமாறினால் இரண்டு வாக்கியம் போதும்: "ஜிஎஸ்டி கே சாத் பக்கா பில் சாஹியே." "கம்பெனி கி வாரண்டி ஹை யா துகான் கி?" கம்பெனி வாரண்டியா, கடை வாரண்டியா என்ற அந்த இரண்டாவது கேள்விக்குத் தெளிவான பதில் வரவில்லை என்றால் அடுத்த கடைக்கு நகருங்கள்.

டூப்ளிகேட்டைக் கண்டுபிடிப்பது எப்படி?

முதலில் டப்பா. இறக்குமதியான பொருள் என்றால் எம்ஆர்பி, இறக்குமதியாளரின் பெயரும் முகவரியும், எந்த நாட்டில் தயாரானது, மாதம் வருடம், வாடிக்கையாளர் சேவைத் தொடர்பு ஆகியவை டப்பாவில் அச்சாகியிருக்க வேண்டும். இது சட்டப்படி கட்டாயம். ஸ்டிக்கர் இல்லாத டப்பாவை வாங்காதீர்கள்.

அடுத்து சீரியல் எண். டப்பாவில் இருப்பதும் மவுஸின் அடியில் இருப்பதும் ஒன்றா என்று பாருங்கள்.

மூன்றாவது, முடிந்தால் லேப்டாப்பைக் கையோடு கொண்டுபோங்கள். பிராண்டின் சொந்த மென்பொருளை முன்பே இன்ஸ்டால் செய்துவைத்து, கடையிலேயே மவுஸைச் செருகிப் பாருங்கள். மாடல் பெயரோடு அடையாளம் காட்ட வேண்டும். விண்டோஸ் டிவைஸ் மேனேஜரில் ஹார்டுவேர் ஐடியைப் பார்த்தால் தயாரிப்பாளர் குறியீடு தெரியும். லாஜிடெக்கிற்கு 046டி, ரேசருக்கு 1532. இந்தக் குறியீட்டையும் போலி செய்ய முடியும் என்பதால், இது சரியாக இருந்தால் மட்டுமே அசல் என்று முடிவு கட்ட வேண்டாம். இது தப்பாக இருந்தால் டூப்ளிகேட் என்று சந்தேகமில்லாமல் எழுந்து வரலாம்.

கடைசியாக விலை. ஆன்லைனில் எல்லா இடத்திலும் 1,500க்கு விற்கும் 'சீல்டு' மவுஸை ஒருவர் 600க்குத் தருகிறார் என்றால், அவருக்கு உங்கள் மேல் அவ்வளவு பாசம் இருக்கக் காரணமில்லை.

ஆன்லைனில் வாங்குவோரும் இதே கவனத்தோடு இருக்க வேண்டும். தளத்தின் பெயரைவிட விற்பவரின் பெயர் முக்கியம். எந்த நாட்டில் தயாரானது என்பதைத் தளத்திலேயே காட்ட வேண்டும் என்கின்றன 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள்.

ஏமாந்துவிட்டால் எங்கே போவது?

முதலில் கடைக்கும் பிராண்டுக்கும் எழுத்தில் புகார் அனுப்புங்கள். வாட்ஸ்அப், மெயில் எதுவானாலும் பரவாயில்லை, பதிவு இருக்க வேண்டும். பதில் இல்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழ் உட்பட 17 மொழிகளில் பேசலாம். டெல்லியில் உட்கார்ந்துகொண்டு இந்தியில் திணற வேண்டியதில்லை.

அதுவும் பலிக்கவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமே கிடையாது. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் ஊரிலேயே போடலாம். டெல்லியில் வாங்கிவிட்டு வேலை மாறி மதுரைக்குப் போய்விட்டாலும் மதுரையில் வழக்கு நடக்கும். இவை எல்லாவற்றுக்கும் முதல் ஆதாரம் அந்தப் பக்கா பில்தான்.

வாங்கி வந்ததும் செய்ய வேண்டியவை

ஒன்று, விண்டோஸ் மவுஸ் செட்டிங்கில் 'என்ஹான்ஸ் பாயின்டர் பிரிசிஷன்' என்பதை ஆஃப் பண்ணிவிடுங்கள். அது இருந்தால் கையின் வேகத்துக்கு ஏற்ப தூரம் மாறிக்கொண்டே இருக்கும், குறி கைக்குப் பழகாது.

இரண்டு, டிபிஐயை 800 அல்லது 1,600இல் வைத்து, ஆட்டத்துக்குள் இருக்கும் சென்சிடிவிட்டியை மட்டும் மாற்றுங்கள். ஒரு அளவில் இரண்டு வாரமாவது நில்லுங்கள். ஒவ்வொரு தோல்விக்கும் செட்டிங்கை மாற்றினால் கை எதையும் கற்றுக்கொள்ளாது.

மூன்று, போலிங் ரேட் 1,000இல் இருக்கிறதா என்று மென்பொருளில் பாருங்கள்.

நான்கு, பில்லைப் போட்டோ எடுத்து மெயிலில் உங்களுக்கே அனுப்பிக்கொள்ளுங்கள். கடை பில் அச்சிடும் தாள் ஆறு மாதத்தில் வெளுத்துவிடும்.

சுருக்கமாக: யாருக்கு எது?

ஆபீஸ் மட்டும் என்றால் 700 ரூபாய்க்குள், கைக்குப் பொருந்தும் எதுவும். பக்கத்து இருக்கைக்காரருக்குத் தொந்தரவு இல்லாமல் இருக்க, சத்தம் வராத கிளிக் உள்ள மாடல் பாருங்கள்.

பகலில் ஆபீஸ், இரவில் ஆட்டம் என்றால், 2,000 ரூபாய்க்குள் பெயர் தெரிந்த சென்சாரும் 1,000 போலிங் ரேட்டும் ஆன்போர்டு மெமரியும் உள்ள வயர் மவுஸ். பைக்குள் தினமும் தூக்கிப் போகிறீர்கள் என்றால் அதே தகுதிகளோடு வயர்லெஸ்.

போட்டியில் ஆடுபவர் என்றால் முதலில் 144 ஹெர்ட்ஸ் மானிட்டர், பிறகு எடை குறைந்த மவுஸ்.

கை ஏற்கெனவே வலிக்கிறது என்றால் முதலில் டாக்டர், அடுத்து மேஜை உயரம், மவுஸ் அதற்கப்புறம்.

எந்த வகையாக இருந்தாலும் கடையில் இரண்டு நிமிடம் கையில் பிடித்துப் பாருங்கள், பக்கா பில் இல்லாமல் வெளியே வராதீர்கள்.